கிட்டார் ஒலிப்பதிவில் சத்தம் வராமை: பெரியநாயக்கன்பாளையத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கணினியில் கிட்டார் பதிவு செய்வோருக்கு நேரும் இடர்கள் நான்கு: சத்தம் வராமை, வந்தும் போதாமை, போதுமான சத்தம் பிந்தி வருதல், கேட்காத சத்தம் தானே வருதல். 'நேத்து வரைக்கும் நல்லா வந்துட்டிருந்துச்சுங்' என்பதை ஐந்தாவதாகச் சேர்ப்போரும் உண்டு. அது வாக்குமூலமாதலால் வகைப்பாட்டில் சேராது.

ஆய்வுக் களமாகக் கோவைக்கு வடக்கே, மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள பெரியநாயக்கன்பாளையம் கொள்ளப்பட்டது. 1962-இல் உருவான லட்சுமி மெஷின் ஒர்க்ஸும் சுற்றுவட்டார லேத்துப் பட்டறைகளும் ஓசையைக் கேட்டே நோயறியும் ஒரு மக்கட்கூட்டத்தை இங்கே வளர்த்துவிட்டன. ஓடுகிற மெஷினை வாசலில் நின்று கேட்டு 'பேரிங் போச்சு' என்று தீர்ப்புச் சொல்லும் தந்தைக்கு, மகனின் லேப்டாப்பில் ஓசையே எழாதபோது தீர்ப்புச் சொல்ல வழியில்லை. முன்பு இந்தத் தொல்லை குறைவு. 'மலைக்கள்ளன்' (1954) தயாரான கோவை பட்சிராஜா ஸ்டுடியோ போன்ற இடங்களில் வாசிப்பவர் ஒருவர், பதிபவர் வேறொருவர். பழிபோட ஆள் கிடைத்தது. இன்று இருவரும் ஒருவரே என்பதால் பழி முழுவதும் டிரைவர்மேல் விழுகிறது.

டிரைவர் என்பது சவுண்ட் கார்டுக்கும் விண்டோஸுக்கும் இடையே நின்று பேசும் நிரல். விண்டோஸின் பொதுவழியில் எல்லாச் செயலிகளின் ஒலியும் கலந்தே போகும். ஜெர்மனியின் ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த ஏசியோ, அந்தக் கூட்டத்தைத் தவிர்த்துத் தனிவழி போகிறது. எனவே ஏசியோவில் வாசிப்பவர் திரையின் மூலையிலுள்ள ஸ்பீக்கர் படத்தை எவ்வளவு இழுத்தாலும் பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. ஒரு நேரத்தில் ஒரு செயலிக்கே இடம் கொடுக்கும் டிரைவர்களும் பல. பிரவுசரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் பதிவுச் செயலி 'கருவி இல்லை' என்று கைவிரிக்கும்.

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பின் ஒலி உள்ளீட்டுத் தேர்வு தானாக மாறி, லேப்டாப்பின் சொந்த மைக் வேலைக்கு வந்துவிடுவதும் உண்டு. அப்போது கம்பி அதிரும் மெல்லிய கிணுகிணுப்போடு அடுப்படியும் பதிவாகும். கிட்டாரைவிட வெட் கிரைண்டர் தெளிவாகக் கேட்கும். கோவை வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருளாகையால் இதை இழப்பெனக் கொள்ளலாமா என்பதில் கருத்து வேறுபாடு உள்ளது. சோதனை எளிது: லேப்டாப்பின் உடம்பை விரலால் தட்ட, திரையில் மீட்டர் துள்ளினால் அந்த மைக்கே குற்றவாளி. மீட்டர் எதற்குமே அசையாவிட்டால் விண்டோஸின் தனியுரிமைப் பக்கத்தில் மைக்ரோபோன் அனுமதி அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இனிச் சத்தத்தின் அளவு. கம்பிக்கும் காதுக்கும் நடுவே கிட்டாரின் திருகு, சவுண்ட் கார்டின் கெயின், செயலியின் டிராக், மாஸ்டர், விண்டோஸ், ஹெட்போன் திருகு என்று ஆறு இடங்களில் சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். மக்கள் திருகுவது எப்போதும் கடைசியை; கோளாறு இருப்பது பெரும்பாலும் முதலில். கிணற்று மோட்டார் தண்ணீர் எடுக்காவிட்டால் இவ்வூர் மெக்கானிக் அடியிலுள்ள ஃபுட்வால்விலிருந்துதான் பார்த்துக்கொண்டு வருவார். அதே ஊரில் கிட்டாருக்கு மட்டும் மேலிருந்து கீழே தேடும் மரபு எப்படி வந்தது என்பது தனி ஆய்வுக்குரியது.

எலக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப்புக்கு ஏறத்தாழ 1 மெகா ஓம் உள்ளீடு தேவை. சவுண்ட் கார்டில் 'இன்ஸ்ட்' பொத்தானை அமுக்காமல் லைன் உள்ளீட்டில் செருகினால் ஒலி மெலிந்து மங்கும். பிக்கப் வைத்த அகௌஸ்டிக் கிட்டார்கள் பலவற்றில் 9 வோல்ட் பேட்டரி இருக்கும். வயரைப் பிடுங்காமல் தூங்கப் போனால் அது வீணாகத் தீர்ந்துகொண்டே இருக்கும். எதிர்த்தவறும் உண்டு. கெயினை முழுக்க ஏற்றிச் சிவப்பு விளக்கு எரிந்தால், உடைந்த ஒலியைச் செயலியில் குறைத்து ஒட்டவைக்க முடியாது. உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நின்றால் போதும். 24 பிட் பதிவில் அதற்குமேல் ஏற்றும் அவசியமே இல்லை. அழைப்பு வந்ததாக விண்டோஸ் கருதினால் மற்ற ஒலிகளை 80 விழுக்காடு குறைக்கும் ஏற்பாடும் உள்ளது. பலர் டிரைவரைத் திட்டியது இதற்காகத்தான். 'ஏங்கண்ணு, வாசிக்கறயா, சும்மா கையை ஆட்டறயா?' என்று கதவருகே எழும் வினா மட்டும் இக்கட்டுரையின் எல்லைக்குப் புறம்பானது. ஹெட்போன் மாட்டியிருக்கும்வரை அதற்கு விடையில்லை.

பிந்துதல், ஒலி மாதிரிகளைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரால் வருவது. நொடிக்கு 44,100 மாதிரி வேகத்தில் 1024 என்ற பஃபர் ஏறத்தாழ 23 மில்லிநொடி தாமதம். போகவும் வரவும் இரட்டிப்பு. 16 மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கரைக் கேட்டு வாசிப்பதற்கு அது சமம். 128-க்கு இறக்கினால் தாமதம் எட்டில் ஒன்றாகும், ஆனால் பழைய லேப்டாப் படபடவென்று பொரியத் தொடங்கும். 44,100-க்கும் 48,000-க்கும் பொருத்தம் தவறினால் பாட்டின் சுருதியே ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் நகரும்.

கேட்காத சத்தம் மின்வாரியத்தின் கொடை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் 'ஜி' சுரத்துக்குச் சற்று மேலே ரீங்கரிப்பதால் கொங்குநாட்டின் ஆதார சுருதி அதுவே எனலாம். ஒற்றைச் சுருள் பிக்கப் அதை ஆவலோடு பிடிக்கும். கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர், எதிரெதிராகச் சுற்றிய இரு சுருள்களால் அதை அடக்கியது. ஹம்பக்கர் இல்லாதவர் சார்ஜரைப் பிடுங்கிப் பார்க்கலாம். அப்போதும் ஓயாவிட்டால் டியூப்லைட்டை அணைத்து, கிட்டாரைக் கால்வட்டம் திருப்பி உட்காரலாம்.

டிரைவரை அழித்து மறுபடி போடுவது கடைசி வேலை. அதையும் சவுண்ட் கார்டின் வயரைப் பிடுங்கிவிட்டுச் செய்து, நிறுவி முடிந்தபின் ஹப் எதுவும் நடுவே இல்லாமல் நேராக லேப்டாப்பில் செருக வேண்டும்.