மெடிக்கலில் தேறாதவர்கள்

பழைய கால்பந்து ஆட்டக்காரர்களைத் தரவரிசைப்படுத்துவதில் பெரிய வசதி, வரிசைப்படுத்துகிறவர் அவர்களில் ஒருவரையும் பார்த்திருக்கத் தேவையில்லை என்பதுதான். மறுத்துப் பேச வருகிறவரும் பார்த்திருக்க மாட்டார். இரண்டு பேருமே பார்க்காத ஒன்றைப் பற்றி இரண்டு மணி நேரம் சண்டை போடுவதற்கு ஆன்மிகத்தை விட்டால் கால்பந்துதான் இருக்கிறது. படச்சுருள் எவ்வளவு குறைவோ, ஆட்டக்காரர் அவ்வளவு பெரியவர். ஒரு கோலுக்குக்கூடப் படம் கிடைக்காதவர் தெய்வம்.

என் அக்கா மகன் இந்தத் தெய்வங்களைக் கும்பிடுவதில்லை. அவனுக்கு எல்லாமே எண். "மாமா, அந்தக் காலத்துல டிஃபென்ஸே கிடையாது. எல்லாரும் வாக்கிங் போற மாதிரி வெளையாடினாங்க. மெஸ்ஸிய அங்க கொண்டுபோய் விட்டா மேட்சுக்குப் பத்து கோல் போடுவாரு" என்பான்.

விடலாம். விடுவதென்றால் முழுசாக விட வேண்டும். அங்கே பந்து தோலால் ஆனது. மழை பெய்தால் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கனக்கும். வாயைக் கட்டிய நாடா இருக்கிற பக்கம் பார்த்து முட்டிவிட்டால் நெற்றி பதம்பார்க்கப்படும். மஞ்சள், சிவப்பு அட்டைகள் உலகக் கோப்பைக்கு வந்ததே 1970இல்தான். அதுவரை நடுவர் வாயால் கண்டிப்பார், பெயரைக் குறித்துக்கொள்வார், ரொம்ப மோசமென்றால் வெளியே போகச் சொல்வார். உடைந்த கணுக்காலுக்கு யார் பொறுப்பு? உலகக் கோப்பையில் மாற்று ஆட்டக்காரரை இறக்கும் வழக்கமும் அதே 1970இல் வந்ததுதான். அடிபட்டவர் நொண்டிக்கொண்டே ஆட வேண்டும், இல்லாவிட்டால் பத்துப் பேரோடு சமாளிக்க வேண்டும். உள்ளூர்ப் போட்டிகளிலும் இதே கதை. 1956 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியின் கோல்கீப்பர் பெர்ட் டிராட்மன், பாய்ந்து வந்தவரின் காலடியில் விழுந்து பந்தைப் பிடித்ததில் கழுத்தில் அடி வாங்கினார். கழுத்தைத் தடவிக்கொண்டே கடைசி வரை நின்று மேலும் பந்துகளைத் தடுத்தார். கோப்பையையும் வென்றார்கள். சில நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் கழுத்து முறிந்திருந்தது.

இதைக் கேட்டுவிட்டு மருமகன் சற்று நேரம் பேசவில்லை. வருந்துகிறான் என்று நினைத்தேன். ஃபோனில் பீலேயின் கோல் கணக்கைத் தேடிக்கொண்டிருந்தானாம். "1,283 கோல்னு சொல்றீங்களே, இதுல நூத்துக்கணக்குல ஃப்ரெண்ட்லி மேட்ச் மாமா."

அது உண்மைதான். ராணுவ சேவையில் இருந்தபோது ராணுவ அணிக்குப் போட்ட கோலும் அந்தக் கணக்கில் உண்டு. ஆனால் பழைய காலத்து எண்களில் பீலேயினுடையது யோக்கியமான எண். அவருக்கு முன்பே பிரேசிலில் ஆர்தர் ஃப்ரீடன்ரைஷ் என்றொருவர் 1,329 கோல் போட்டதாக ஒரு பேச்சு இருந்தது. 1,239 என்பதைத்தான் யாரோ இலக்கம் மாற்றி எழுதிவிட்டார்கள் என்று பிற்பாடு ஒரு விளக்கம் வந்தது. அந்த 1,239க்கும் உருப்படியான ஆதாரம் கிடையாது. பேனா தவறியதில் 90 கோல் போட்டவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க முடியும்.

சரி, எண்தான் வேண்டாம், வாக்கெடுப்பு நடத்தலாமே என்றால் அதையும் 2000ஆம் ஆண்டில் ஃபிஃபா செய்து பார்த்தது. நூற்றாண்டின் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று இணையத்தில் கேட்டார்கள். மரடோனா என்று இளைஞர்கள் குத்தித் தள்ளினார்கள். பெரியவர்கள் பதறிப்போய்த் தனியாக ஒரு குழு வைத்து பீலேயைத் தேர்ந்தெடுத்தார்கள். கடைசியில் இரண்டு பேருக்கும் விருது. ஒரே நூற்றாண்டுக்கு இரண்டு 'மிகச் சிறந்தவர்'கள்! நம்மூர்க் கட்சிகளில்கூட இவ்வளவு சுமுகமாகப் பதவியைப் பிரிப்பதில்லை.

ஆகவே நானே ஓர் அளவுகோல் செய்துகொண்டேன். இந்தக் காலத்தில் ஒரு கிளப் ஆட்டக்காரரை வாங்குவதற்கு முன்பு மெடிக்கல் டெஸ்ட் வைக்கிறது. இதயம், மூட்டு, கொழுப்பு எல்லாம் பார்த்த பிறகுதான் கையெழுத்து. 1970க்கு முந்தைய ஆட்டக்காரர்களை இந்தப் பரிசோதனைக்கு அனுப்புவோம். யாரை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்களோ, அவர்களே என் பட்டியலுக்குத் தகுதியானவர்கள். உடம்பு ஒத்துழைத்தால் யார்தான் ஆட மாட்டார்கள்?

எவர்ட்டனின் டிக்சி டீனை எடுத்துக்கொள்ளுங்கள். 1926இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் மண்டையோடும் தாடையும் உடைந்தன. இனி ஆடுவாரா என்று மருத்துவர்களுக்கே சந்தேகம். தலையால் முட்டிக் கோல் போடுவதில்தான் அவருக்குப் பேரே. அந்தத் தலைதான் உடைந்திருந்தது. 1927-28இல் லீக் ஆட்டங்களில் மட்டும் 60 கோல் போட்டார். ஆஃப்சைடு விதியை 1925இல் தளர்த்தியதால் அப்போது எல்லோருமே நிறையப் போட்டார்கள் என்று மருமகன் சொல்வான், சரிதான். எல்லோரும் போட்டார்கள், 60 ஒருவர்தான் போட்டார். இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கில் அந்த எண்ணை இன்றுவரை யாரும் தொடவில்லை.

உருகுவேயின் ஹெக்டர் காஸ்ட்ரோ பதின்மூன்று வயதில் மின்ரம்பத்தில் முன்கையை இழந்தவர். 1930இல் மொன்டிவிடியோவின் சென்டினேரியோ மைதானத்தில் விழுந்த முதல் கோல் அவருடையது. அதே மைதானத்தில், முதல் உலகக் கோப்பையின் இறுதியாட்டத்தில் கடைசிக் கோலும் அவருடையதே. அந்த இறுதியாட்டத்தில் யாருடைய பந்தில் ஆடுவது என்று தகராறு வந்தது. முதல் பாதி அர்ஜென்டினா கொண்டுவந்த பந்து. அவர்கள் 2-1 என்று முன்னிலை. இரண்டாம் பாதி உருகுவே பந்து. 4-2 என்று உருகுவே ஜெயித்தது. தெருவில் பந்து வைத்திருக்கும் பையன் சொன்னதே சட்டம் என்பது உலகக் கோப்பைக்கும் பொருந்தியிருக்கிறது.

ஆஸ்திரியாவின் சின்டலாரைக் 'காகித மனிதர்' என்பார்கள். அவ்வளவு ஒல்லி. எடை பார்க்கும் இயந்திரமே அவரைக் கவனித்திருக்காது. நாட்டை ஜெர்மனி விழுங்கிய பிறகு, 1938 ஏப்ரலில் வியன்னாவில் ஜெர்மனிக்கு எதிராக நடந்த ஆட்டத்தில் கோல் போட்டார். அதன் பிறகு ஜெர்மனி அணிக்கு ஆட மறுத்தார். 1939 ஜனவரியில் கார்பன் மோனாக்சைடு நச்சால் இறந்து கிடந்தார். இவரை வைத்துச் சிரிக்க எனக்கு வரவில்லை. அடுத்தவரைப் பார்ப்போம்.

ஸ்டான்லி மேத்யூஸ் வயதில் அடிபடுவார். 1915இல் பிறந்தவர், கடைசி லீக் ஆட்டம் ஆடியது 1965இல், ஐம்பது நிறைந்த ஐந்தாம் நாள். ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் டி'ஓர் விருதை 1956இல் முதன்முதலாக வாங்கியபோது அவருக்கு வயது 41. குடியில்லை, புகையில்லை. திங்கட்கிழமைதோறும் பட்டினி கிடப்பார் என்பார்கள். சோமவார விரதம் இருந்த ஒரே இங்கிலீஷ்காரர்! இவ்வளவு ஒழுக்கமானவரைப் பட்டியலில் மிக உயரத்தில் வைப்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

அதற்குப் பரிகாரம் லெவ் யாஷின். மாஸ்கோ டைனமோவின் கோல்கீப்பர். கறுப்பு உடை, வாயில் சிகரெட். ஐஸ் ஹாக்கியிலும் கோல்கீப்பராக நின்றவர். 1962 உலகக் கோப்பையில் கொலம்பியாக்காரர் கார்னரிலிருந்து அடித்த பந்து யார் மீதும் படாமல் நேராகக் கோலுக்குள் போனது. அந்தத் தொடரில் சோவியத் அணி தோற்று வந்ததற்கு இவர்தான் காரணம் என்று ஊரே தூற்றியது. அடுத்த ஆண்டே பாலன் டி'ஓர் வாங்கினார். அந்த விருதை இதுவரை வாங்கிய ஒரே கோல்கீப்பர் அவர்தான்.

இனி என் இடுப்பளவுக்கு நெருக்கமானவர். ஃபெரென்ஸ் புஸ்காஸ். குள்ளம், தொப்பை, வலதுகால் சும்மா துணைக்கு வருவது, தலையால் முட்டுவதில் ஆர்வமில்லை. 1953 நவம்பரில் ஹங்கேரி அணி வெம்ப்லிக்கு வந்தபோது, இந்தக் குண்டு மனிதரைப் பார்த்து இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டதாகக் கதை. முதல் நிமிடத்திலேயே கோல் விழுந்தது. பிறகு புஸ்காஸ் ஒருமுறை பந்தின் மேல் காலை வைத்துப் பின்னுக்கு இழுத்தார். மறிக்கப் பாய்ந்த இங்கிலாந்து கேப்டன் பில்லி ரைட் பந்து இருந்த இடத்தைத் தாண்டிச் சறுக்கிப் போனார். பந்து வலைக்குள் போனது. 6-3. நம்பாமல் மறு ஆண்டு புடாபெஸ்டுக்குப் போய் ஆடினார்கள், 7-1. ஹங்கேரிக்கு 85 ஆட்டத்தில் 84 கோல். அதன் பிறகு தாய்நாட்டை விட்டு வந்து, தடையில் கிடந்து, உடம்பு மேலும் ஊதி, 31 வயதில் ரியல் மாட்ரிட்டில் சேர்ந்தார். அங்கே நான்கு பருவங்களில் ஸ்பெயின் லீக்கிலேயே அதிகக் கோல் போட்டவர் அவர். 1960 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் மட்டும் நான்கு கோல். தொப்பையோடு ஓடுவது எவ்வளவு கஷ்டம் என்பதை அக்கா மகனுக்கு விளக்க முயன்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான், பதில் சொல்லவில்லை.

ஆனால் மெடிக்கலில் எல்லோரையும்விட மோசமாகத் தோற்கிறவர் கரிஞ்சா. ஒரு கால் உள்பக்கம் வளைந்தது, ஒரு கால் வெளிப்பக்கம் வளைந்தது, இரண்டும் ஒரே நீளமும் இல்லை. இது போதாதென்று 1958 உலகக் கோப்பைக்கு முன்பு பிரேசில் அணி ஓர் உளவியல் நிபுணரையும் அழைத்து வந்திருந்தது. அவர் தேர்வு வைத்துப் பார்த்து, கரிஞ்சாவை ஆட வைக்க வேண்டாம், பதினேழு வயசுப் பீலேயும் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தார். பயிற்சியாளர் ஃபியோலா அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். உலகக் கோப்பை வரலாற்றில் ஓர் அறிக்கையைப் பொருட்படுத்தாமல் விட்டதால் கிடைத்த மிகப் பெரிய நன்மை இது. சோவியத் அணிக்கு எதிராக இருவரும் இறங்கினார்கள். ஆட்டம் தொடங்கிய உடனேயே கரிஞ்சா வலப்பக்கத்தில் எதிராளிகளை உட்கார வைத்துவிட்டு அடித்த பந்து போஸ்ட்டில் மோதியது. கோலில் நின்றவர் யாஷின். கரிஞ்சாவும் பீலேயும் சேர்ந்து ஆடிய எந்த ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதே இல்லை.

இத்தனைக்கும் கரிஞ்சாவிடம் இருந்தது ஒரே ஒரு வித்தை. இடப்பக்கம் சாய்வார், வலப்பக்கம் போவார். எல்லாத் தடுப்பாட்டக்காரர்களுக்கும் அது தெரியும். தெரிந்தே விழுந்தார்கள். 1962இல் பீலே காயமடைந்து உட்கார்ந்துவிட, உலகக் கோப்பையை இவரே தூக்கிச் சுமந்தார். கால் இறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு, அரையிறுதியில் சிலிக்கு எதிராக இரண்டு. அரையிறுதியில் ஒருவரை உதைத்து வெளியேற்றப்பட்டார். ஆனாலும் இறுதியாட்டத்தில் ஆடவிட்டார்கள். அந்த இங்கிலாந்து ஆட்டத்தில் மைதானத்துக்குள் ஒரு நாய் புகுந்தது. துரத்தியவர்களையெல்லாம் ஏமாற்றியது, கரிஞ்சாவையும் சேர்த்து. இங்கிலாந்தின் ஜிம்மி கிரீவ்ஸ் தவழ்ந்து போய்ப் பிடித்தார். நாய் அவர் சட்டையை நனைத்தது. பின்னர் அந்த நாய் கரிஞ்சாவிடமே போய்ச் சேர்ந்ததாகச் சொல்வார்கள். தன்னை டிரிப்ளிங்கில் வென்றதைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

"பீலே எங்க மாமா? டி ஸ்டெஃபானோ எங்க?" என்று மருமகன் கேட்டான். டி ஸ்டெஃபானோ ரியல் மாட்ரிட்டுக்கு ஐந்து ஐரோப்பியக் கோப்பைகளைத் தொடர்ந்து வாங்கிக்கொடுத்தவர். தற்காப்பு, நடுக்களம், தாக்குதல் எல்லா இடத்திலும் இருப்பார். பீலேயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரண்டு பேரும் மெடிக்கலில் கம்பீரமாகத் தேறிவிடுகிறார்கள். அதனால் தகுதி இழக்கிறார்கள். விதி என்றால் விதி.

எனவே முதலிடம் கரிஞ்சாவுக்கு, இரண்டாமிடம் புஸ்காஸுக்கு, மூன்றாவது யாஷின், நான்காவது மேத்யூஸ். ஐந்தாமிடத்தை டீனுக்கும் காஸ்ட்ரோவுக்கும் பிரித்துக்கொடுக்கிறேன். ஃபிஃபாவே முதலிடத்தைப் பிரித்திருக்கும்போது நான் ஐந்தாமிடத்தைப் பிரிப்பதில் தப்பில்லை. ஆட்சேபம் உள்ள வாசகர்கள் தாராளமாக எழுதலாம். கோல் எண்ணிக்கையோடு எழுதுகிறவர்கள் மட்டும், அனுப்புவதற்கு முன் இலக்கங்கள் இடம் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடவும்.