பூட்டிக் விடுதி லட்சண விசாரம்

குடம், ஆடை, பசு, மலைமேல் எழும் புகை முதலிய பதார்த்தங்களுக்கெல்லாம் லட்சணம் வகுத்து, அந்த லட்சணம் குறைபடாமலும் மிகைபடாமலும் பொருந்துகிறதா என்று சோதிப்பதிலேயே ஆயுளைச் செலவிட்ட நமது தர்க்க சாஸ்திரிகள், பழைய பட்டணத்து வீதிகளில் இன்று வரிசை வரிசையாகத் தோன்றியிருக்கும் பூட்டிக் விடுதி என்னும் பதார்த்தத்தைப் பற்றி ஒரு சூத்திரமும் செய்யாமல் போனார்கள். அவர்கள் காலத்தில் அது இல்லை என்பது தக்க சமாதானமே. ஆனால் நம் காலத்தில் இருக்கிறது, தங்கி வந்தவர்கள் படம் காட்டுகிறார்கள், பார்த்தவர்கள் பெருமூச்செறிகிறார்கள். இப்படியிருந்தும் அது இன்னதென்று வரையறுத்துச் சொல்ல ஒருவரும் முன்வராத நிலையில், நெகிரி செம்பிலானில் சிரம்பானுக்கும் செமினிக்கும் இடையே பழைய முதலாவது கூட்டரசுச் சாலை மலையை வளைந்து வளைந்து கடக்கும் மந்தின் என்ற சிற்றூரைச் சேர்ந்தவனும், தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவனுமாகிய நான் அப்பணியை மேற்கொண்டேன். விடுதி, லயம் ஆகிய இரண்டிலும் படுத்து எழுந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு யோக்கியதாம்சம் கிடையாது.

அளவைகள் காண்டல், கருதல், உரை என மூன்று என்பது சைவ சித்தாந்திகள் கொள்கை. மூன்றையும் கைக்கொண்டேன். காண்டலுக்குப் பினாங்கின் ஜார்ஜ்டவுன். கருதலுக்கு எங்கள் லயம். உரைக்கு, ஆயுளெல்லாம் பால்மரம் வெட்டி ஓய்ந்து இப்போது மந்தினில் எங்கள் அண்டை வீட்டில் இருக்கும் ஓர் அக்கா.

மந்தினுக்கு அருகிலிருப்பது மலாக்காதான். அங்கும் இவ்விடுதிகள் நிறைய உண்டு. இருப்பினும், மலாக்காவோடு சேர்ந்து 2008 ஜூலை 7-ஆம் நாள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ஜார்ஜ்டவுனையே களமாகக் கொண்டதற்குக் காரணம், அவ்வூரில் தமிழன் வழி தவறினாலும் தமிழர் வீதியிலேயே போய் நிற்பான் என்பதுதான். சூலியா வீதி தமிழ் முஸ்லிம்களின் பெயரைத் தாங்கியிருக்கிறது; குவீன் வீதியில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது; பினாங்கு வீதியில், வட்டிக்குப் பணம் கொடுத்த நகரத்தார் பெட்டியடியில் பாய் விரித்துப் படுத்த கிட்டங்கிகள் இருந்தன. (ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு பாய் என்ற கிட்டங்கி வாசத்தையும் இவ்வாராய்ச்சியில் சேர்க்கலாமா என்று யோசித்து, வந்தவரிடம் பணம் வாங்கும் இடத்தோடு வந்தவருக்குப் பணம் கொடுக்கும் இடத்தைச் சேர்ப்பது முறையாகாதென்று விட்டுவிட்டேன்.)

இவ்வினத்தின் தோற்றம் அண்மையது. லண்டனில் 1978-இல் ஆனூஷ்கா ஹெம்பெல் அம்மையார் திறந்த பிளேக்ஸையும், நியூயார்க்கில் இயன் ஷ்ரேகரும் ஸ்டீவ் ரூபெலும் 1984-இல் திறந்த மார்கன்ஸையும் ஆதி விடுதிகள் என்பர். ஜார்ஜ்டவுனிலேயே 1885-இல் சார்க்கீஸ் சகோதரர்கள் நிறுவிய ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் பழமையிலும் புகழிலும் குறைந்ததன்றெனினும், பெரியது என்ற ஒரே தோஷத்தால் நம் விசாரத்துக்குப் புறம்பானது. லெய்த் வீதியில் 38 அறைகளும், 5 முற்றங்களும், 7 மாடிப்படிகளும், 220 ஜன்னல்களுமாக, சுண்ணாம்பில் அவுரி கலந்து பூசிய நீலத்தோடு நிற்கும் சியோங் ஃபாட் சே மாளிகை, செம்மையாகப் பழுது பார்க்கப்பட்டதற்காக 2000-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதைப் பெற்றுப் பின்வந்தவற்றுக்கெல்லாம் முன்மாதிரியாயிற்று. நான் தங்கியது அதுவன்று. என் பணப்பைக்கு இசைந்த, பெயர் சொல்ல அவசியமில்லாத வேறொரு வீடு.

அவ்வீட்டின் முகப்பு குறுகியது, ஆழம் மிகுதி. அஞ்சடியைத் தாண்டி உள்ளே நுழைந்தால் நடுவில் வானம் பார்த்த முற்றம். மழை பெய்தால் வீட்டுக்குள்ளேயே பெய்யும். என் அறைச் சுவரில் ஓரிடத்துக் காரை உதிர்ந்து செங்கல் தெரிந்தது. அதைப் பூசாமல் விட்டதோடு அமையாது, அதன்மேல் மட்டும் விழும்படி ஒரு விளக்கும் வைத்திருந்தார்கள். கட்டிலுக்கு மேல் கொசுவலை. பலகைத் தரை, நள்ளிரவில் யார் எழுந்து எங்கே போகிறார் என்பதை மாடி முழுவதற்கும் அறிவித்தது. தொலைக்காட்சி இல்லை, அது இல்லாததும் வாடகையில் அடக்கம் என்று பின்னர் அறிந்தேன். காலையில் பசியாற மூன்றடுக்குத் தூக்கில் நாசி லெமாக் வந்தது. முகம் கழுவும் தொட்டியருகே, வெள்ளைப் பூச்சும் நீல விளிம்பும் கொண்ட ஒரு பழைய மங்கு. விளிம்பில் இரண்டிடத்தில் பூச்சு பெயர்ந்து கறுப்புத் தகரம் தெரிந்தது. அதற்குள் ஒரு செம்பருத்திப் பூ. அதை எடுத்துத் தண்ணீர் குடிக்கப் போனேன். பணிப்பெண் பதறி, "அங்கிள், அது அலங்காரத்துக்கு வெச்சிருக்கோம்" என்று கண்ணாடித் தம்ளரை நீட்டினாள்.

காண்டலால் கிடைத்த இவற்றைத் தொகுத்து நான் வகுத்த முதற் சூத்திரம் வருமாறு: அறைகள் சிலவாய், ஒவ்வோர் அறையும் தனக்கெனச் சாயல் உடையதாய், கட்டடம் பழையதாய், பழமையின் வடுக்கள் மறைக்கப்படாததாய், வந்தவரைப் பெயர் சொல்லி அழைப்பதாய் உள்ள வாசஸ்தலம் பூட்டிக் விடுதி.

சூத்திரம் செய்தவன் அதைக் குற்றங்களுக்கு உட்படுத்த வேண்டும். குறிக்கப்பட்ட பொருளுக்கே பொருந்தாதது அசம்பவம். அப்பொருளில் ஒரு பகுதிக்கு மட்டும் பொருந்துவது அவ்வியாப்தி. அப்பொருளைக் கடந்து வேறொன்றிலும் போய்ப் பொருந்துவது அதிவியாப்தி. கொம்புள்ளது பசு என்றால் எருமையும் பசுவாகிவிடும் அல்லவா? முதலிரண்டு குற்றங்களும் என் சூத்திரத்துக்கு இல்லை. மூன்றாவது குற்றம் இருக்கிறது. அந்தச் சூத்திரம் ஜார்ஜ்டவுனில் நில்லாமல் நேரே கிளம்பி எங்கள் லயத்துக்கு வந்துவிட்டது.

பொருந்துவதைப் பாருங்கள். அறைகள் சில: லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறையும் ஒரு குசினியும், இதற்கும் குறைந்த அறைகளோடு எந்த பூட்டிக் விடுதியும் நடந்ததில்லை. தனிச்சாயல்: வெளிப்பார்வைக்கு எல்லா வாசலும் ஒன்றுபோல் தோன்றினும், ஒரு வீட்டில் முருகன் படம், அடுத்ததில் எம்.ஜி.ஆர். படம், அதற்கடுத்ததில் இருவரும் ஒரே ஆணியில். பழமை: ஐயமில்லை. வடுக்கள்: பலகைச் சுவரில் ஒரு வடுவையும் எவரும் மறைத்ததில்லை; மறைக்கச் சாயம் வந்தால்தானே. விடுதி முற்றத்தில் வீட்டுக்குள் பெய்த மழை, எங்கள் தகரக் கூரையின் ஆணித் துளைகள் வழியே நாங்கள் கோராமலேயே பெய்தது. சுவர்கள் கூரையைத் தொடாமல் பாதியில் நின்றமையால், முதல் வீட்டில் தாளித்தது கடைசி வீட்டில் மணக்கும். கடைசி வீட்டுச் சண்டைக்கு முதல் வீட்டில் தீர்ப்பு சொல்லப்படும். விருந்தினர் ஒருவரோடொருவர் கலந்து பழகுவதற்கென்று விடுதிக்காரர்கள் பொதுக்கூடம் ஒன்று அமைத்து, அதில் நீண்ட மேசையும் போட்டு எவ்வளவோ பாடுபடுகிறார்கள்.

பெயர் சொல்லி அழைத்தல் என்ற அம்சத்தில் லயம் விடுதியை விஞ்சியே நிற்கிறது. விடியுமுன் பெரட்டு மணி அடித்ததும் எல்லாரும் களத்தில் வரிசையாக நிற்க, கிராணி செக்ரோலை விரித்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைப்பார். நான் தங்கிய விடுதியில் என் பெயரை இருவர்தாம் சரியாகச் சொன்னார்கள். கிராணி எவர் பெயரையும் தவறவிட்டதில்லை, தவறினால் அன்றைய சம்பளம் போகும். மேலும், விடுதியில் காலையில் எழுப்பச் சொல்லித் தனியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கே பூர்வபட்சி குறுக்கிடுகிறான்: "ஐயா, விடுதியில் குளிரூட்டி உண்டு, வெந்நீர் உண்டு, லயத்தில் உண்டா?" கித்தா மரங்களுக்கு நடுவே, மந்தின் மலையின் விடியற்காலைப் பனியில், மங்கில் கறுப்புக் காப்பியோடு நின்றறியாதவன் கேட்கும் கேள்வி இது, வெந்நீருக்கு விறகடுப்பு இருந்தது. "விடுதியில் தங்குகிறவர் பணம் கொடுக்கிறார், லயத்தில் இருந்தவர் கொடுக்கவில்லையே?" என்பது அவனது இரண்டாவது ஆட்சேபம். இதற்குச் சரித்திரமே விடை சொல்கிறது. 1907-இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதிக்கு, வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஆட்களின் கணக்கில் தோட்டத்துரைகள் வரி கட்டினார்கள். 2017 செப்டம்பர் முதல், இந்நாட்டுக்கு வந்து தங்கும் வெளிநாட்டார் அறை ஒன்றுக்கு இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி கட்டுகிறார்கள். கடல் கடந்து வந்தவன் படுத்தெழுவதற்கு யாரேனும் வரி கட்டவேண்டும் என்ற தத்துவம் மாறவில்லை. கட்டுகிற கைதான் மாறிற்று.

கருதல் அளவை இவ்வாறு என்னைக் கைவிடவே, உரையை நாடி அக்காவிடம் போனேன். விடுதியின் படங்களைக் காட்டி, காரை உதிர்ந்த சுவர், மங்கு, தூக்கு எல்லாவற்றையும் வர்ணித்து, இதற்கும் நம் லயத்துக்கும் என்ன பேதம் என்று வினவினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, முன்ன இந்த வீட்டுல யாரு குடி இருந்தது?"

"தெரியலையேக்கா."

"அவங்க எங்க போனாங்கன்னு கேளு. அப்பறம் வந்து சொல்லு. பசியாறிட்டுப் போ."

சாஸ்திர விசாரத்தில் ஒரு கேள்வி நூறு சூத்திரங்களுக்குச் சமானம். 1948-க்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் வாடகையை ஏற்றவிடாமலும், குடியிருப்போரை நினைத்தபோது வெளியேற்றவிடாமலும் காத்தது 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். ஜார்ஜ்டவுனின் கடைவீடுகள் அநேகமாக எல்லாம் அதற்குட்பட்டவை. சொற்ப வாடகையாதலால் சொந்தக்காரர் பழுது பார்க்கவில்லை, இடிக்கவும் இயலவில்லை, ஆகவே வீடுகள் நின்றன. கீழே சொங்கோக் தைப்பவர், பெயர்ப்பலகை செதுக்குபவர், காப்பிக் கடைக்காரர். மேலே தடுப்புத் தடுப்பாகக் குடும்பங்கள். 1997-இல் அச்சட்டம் நீக்கப்பட்டு, தவணைக் காலமும் 1999 டிசம்பரோடு முடிந்து, 2000 ஜனவரி முதல் நாளன்று வாடகை தன் இஷ்டம்போல் ஏறத் தொடங்கியதும், கீழிருந்தவர்களும் மேலிருந்தவர்களுமாக ஏராளமானோர் மூட்டை கட்டினர். எட்டாண்டு கழித்து யுனெஸ்கோவின் அங்கீகாரம் வந்து சேர்ந்தபோது வீடுகள் காலியாக, பழையனவாக, விளக்கு வைப்பதற்குத் தயாராக இருந்தன. என் அறைச் சுவரில் காரை உதிர்ந்த காலத்தில் அங்கே படுத்திருந்தவர் அதைப் பார்த்து வாடகை குறைவு என்று ஆறியிருப்பார். நான் அதே உதிர்வுக்கு அதிகம் கொடுத்தேன்.

இதே நியாயத்துக்கு இன்னொரு திருஷ்டாந்தம் பினாங்கின் ஜெரெஜாக் தீவு. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ரஜூலா முதலிய கப்பல்களில் வந்த நம் பாட்டன்மார் நோய்த்தடுப்புக்காக அடைத்து வைக்கப்பட்ட இடம் அது. பின்னர் 1969 முதல் 1993 வரை சிறை. 2004-இல் உல்லாச விடுதி. முதல் விருந்தினர் நாமே. ஆனால் அப்போது நம் பாட்டன்மார் வெளியேறுவதற்கு அவசரப்பட்டார்கள்.

ஆக, அதிவியாப்தியை நீக்கும் விசேஷணம் கிடைத்துவிட்டது: பழைய குடிகள் நீங்கியதும். ஆயினும் மெய்யாராய்ச்சி இவ்வளவில் நிற்கலாகாது. லயத்துக் குடிகளும் நீங்கியவர்கள்தாமே? வாடகைச் சட்டம் வந்த அதே 1966-இல், தோட்டத் தொழிலாளர் வீடு எப்படியிருக்க வேண்டுமென்று குறைந்தபட்சத் தரம் விதித்த சட்டமும் வந்தது. 1990-இல் அதனிடத்தில் வேறு சட்டம் வந்தது. வீட்டின் தரத்துக்குச் சட்டம் இருந்ததே தவிர, வீட்டில் தொடர்ந்திருப்பதற்கு இல்லை. வேலை உள்ளமட்டும் வீடு. கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய்த் தாமான் வந்தது. 1998-இல் சிப்பாங்கில் விமான நிலையம் திறந்தபின் இப்பக்கத்து நிலமெல்லாம் விலைபெற்றது. மந்தினிலேயே நூற்றாண்டு கண்ட ஹக்கா சீனர் கம்பத்தில், வீடுகளை இடிக்க வந்தபோது இருந்தவர்கள் எதிர்த்து நின்றார்கள். அவர்களது பழமைக்கும் யுனெஸ்கோ வரவில்லை. ஜார்ஜ்டவுனில் குடி போயிற்று, வீடு நின்றது. தோட்டத்தில் குடியைப் போகச் சொன்னவர்கள் வீட்டையும் விட்டுவைக்கவில்லை.

ஆகவே திருத்திய சூத்திரம்: அறைகள் சிலவாய், சாயல் தனியாய், வடுக்கள் மறையாததாய், பழைய குடிகள் நீங்கியும் தான் இடிபடாமல் நிற்பதாய் உள்ள வாசஸ்தலம் பூட்டிக் விடுதி. இதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். "சரியாத்தான் எழுதியிருக்க" என்றார். அந்த மங்குக்கு என்ன விலை என்றும் கேட்டார்.

மந்தின் சுற்றுவட்டாரத்தில் எங்கேனும் ஒரு லயம் கூரையோடு நிற்பதாக அறிந்த வாசகர்கள் இருந்தால், மேலாராய்ச்சியின் பொருட்டு எனக்கு எழுதியுதவ வேண்டுகிறேன். அதில் இன்னும் யாரேனும் குடியிருந்தால், விடுதி நடத்துவோருக்கு மட்டும் எழுதவேண்டாம்.