இருபத்துமூன்று வயது வரை

1985 ஜூலையில் போரிஸ் பெக்கர் விம்பிள்டன் வென்றபோது அவருக்குப் பதினேழு வயது. எனக்கும் அதே வயதுதான். செய்தி மறுநாள் பேப்பரில்தான் எங்கள் ஊரான போடிக்கு வந்தது. சில வாரம் கழித்து ஸ்போர்ட்ஸ்டார் பத்திரிகையின் நடுப்பக்கப் படம் ஒன்றை யாரோ வாங்கிவந்து எங்கள் தெரு சலூன் சுவரில் ஒட்டினார்கள். செம்பட்டை முடிப் பையன் ஒருவன் பந்துக்காகத் தரையில் பாய்ந்துகிடக்கும் படம். முடிவெட்டப் போனவர்களைவிட அதைப் பார்க்கப் போனவர்கள் அதிகம்.

அப்பா போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. தோட்டத்துப் பங்களாவை ஒட்டி ஒரு டென்னிஸ் கோர்ட் உண்டு. சரிவை வெட்டிச் சமன்செய்து, செம்மண் போட்டு, தண்ணீர் தெளித்து, ஆள்கள் ரோலர் இழுத்துக் கெட்டிப்படுத்திய தரை. கோடுகள் சுண்ணாம்பில். ஞாயிற்றுக்கிழமை ஆபீசர்கள் ஆட வருவார்கள். மூன்று பேர்தான் சேர்ந்தார்கள் என்றால் நான்காவது ஆளாக என்னைக் கூப்பிடுவார்கள். மட்டை அவர்களுடையது. மரச்சட்டம், கை வலிக்கும் கனம். பனி இறங்கினால் பந்து ஈரம் குடித்து எழும்பாது. வேலி தாண்டிய பந்து ஏலச்செடிகளுக்குள் உருண்டு இறங்கிவிடும். அதைத் தேடி எடுப்பதற்குள் அட்டை காலில் ஏறியிருக்கும். ஜூனில் மழை பிடித்தால் மாதக்கணக்கில் ஆட்டமே இல்லை.

அந்தக் காலத்து டென்னிஸ் பிள்ளைகளின் கையில் இருந்தது. மாட்ஸ் விலாண்டர் 1982-ல் பிரெஞ்சு ஓப்பனை வென்றது பதினேழு வயதில். 1989-ல் அதே பட்டத்தை மைக்கேல் சாங் வாங்கியபோதும் வயது பதினேழுதான். 1990-ல் மோனிகா செலஸ் பதினாறிலும் பீட் சாம்ப்ரஸ் பத்தொன்பதிலும் கிராண்ட் ஸ்லாம் வென்றார்கள். பதினேழில் ஜெயிக்காதவன் இனி எப்போது ஜெயிப்பான் என்றுதான் நாங்கள் பேசிக்கொள்வோம். ஆனால் போடியிலிருந்து அங்கே போக வழி என்ன? மதுரைக்குப் போனால்தான் முறையான கோர்ட்டைப் பார்க்கலாம். மீட்டர்கேஜ் ரயிலைப் பிடித்துப் போய் ஆடிவிட்டு அன்றே திரும்புவதெல்லாம் எங்கள் வீட்டில் நடக்கிற காரியமில்லை. அதே 1985-ல் சென்னையில் அமிர்தராஜ் குடும்பத்தாரின் பிரிட்டானியா பயிற்சிப் பள்ளியில் கல்கத்தாவிலிருந்து வந்த லியாண்டர் பயஸ் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் சேர்ந்தான். அப்படி ஓர் இடம் இருப்பதே எங்களுக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். நான் உடற்பயிற்சி ஆசிரியராகி, கபடியும் கோ-கோவும் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றேன்.

இன்றைக்கு வழி இருக்கிறது. 2010 கடைசியில் நின்றுபோன ரயில், அகலப்பாதையாகி 2023 ஜூனில் திரும்ப வந்தது. வாரம் மூன்று நாள் போடியில் ஏறினால் மறுநாள் காலை சென்னையில் இறங்கலாம். என் தங்கை மகன் மட்டைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த ரயிலில்தான் போய்வருகிறான். மாநில அளவில் ஜூனியர் பிரிவில் நன்றாக ஆடிய பிள்ளை. பதினெட்டு முடிந்து பெரியவர்கள் போட்டியில் இறங்கினான். தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினான். எதிரில் ஆடியவருக்கு இருபத்தேழு வயதாம்.

"அந்தாளு பெருசா ஒண்ணும் அடிக்கல மாமா. ஆனா ஒண்ணையும் விடல" என்றான்.

இந்த ஒரு வரியில் இன்றைய டென்னிஸ் முழுவதும் இருக்கிறது. பெக்கர் காலத்தில் வேகமான புல்தரையில் சர்வீஸ் போட்டு வலைக்கு ஓடி இரண்டு மூன்று அடியில் பாயிண்டை முடித்துவிடலாம். பயமறியாத பதினேழு வயதுக்கு அந்த ஆட்டம் ஒத்துவந்தது. பிறகு பாலியெஸ்டர் நரம்பு வந்தது. 1997-ல் பிரேசிலின் குஸ்தாவோ குயெர்தன் அந்த நரம்பு கட்டிய மட்டையோடு வந்து பிரெஞ்சு ஓப்பனை வென்றார். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் பந்து சுழன்று கோட்டுக்குள் விழுகிறது. அதனால் கோட்டுக்குப் பின்னால் நின்று சில வேளை இருபது முப்பது அடி பரிமாற வேண்டியிருக்கிறது. அதற்கு வேண்டிய தொடையும் இடுப்பும் பதினெட்டு வயதில் யாருக்கும் முழுதாக வந்திருக்காது. ஒரு தவறைச் செய்துவிட்டு அடுத்த பந்துக்கு அமைதியாக நிற்கும் மனசும் அதற்குப் பிறகுதான் வருகிறது.

மேலே இருப்பவர்களும் சீக்கிரம் இறங்குவதில்லை. சம்பாதிக்கிற பணத்தில் தனிப் பயிற்சியாளர், பிசியோ, உணவு ஆலோசகர் என்று வைத்துக்கொண்டு உடம்பைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். ஜோகோவிச் முப்பத்தெட்டு வயதை எட்டிய 2025-ல் நான்கு கிராண்ட் ஸ்லாம்களிலும் அரையிறுதி வரை வந்தார். ஆண்கள் பிரிவில் 2005-ல் நடாலுக்குப் பிறகு இருபது வயதுக்குள் கிராண்ட் ஸ்லாம் வென்றவர் 2022-ல் அல்கராஸ்தான். நடுவே பதினேழு வருட இடைவெளி.

பணக்கணக்கைப் பார்த்தால் இன்னும் வயிற்றைக் கலக்கும். ஆண்களுக்கான ஏணியின் முதல் படிக்கு எம்15 என்று பெயர். போட்டியின் மொத்தப் பரிசே பதினைந்தாயிரம் டாலர். ஒற்றையர் பட்டத்தை வென்றால் இரண்டாயிரம் டாலர் சொச்சம். முதல் சுற்றில் தோற்றால் நூற்றைம்பது டாலர் சொச்சம், அதிலும் வரி போகும். தகுதிச் சுற்றில் தோற்றால் அதுவும் கிடையாது. விம்பிள்டனில் 2025-ல் முதல் சுற்றில் தோற்றவருக்கு 66,000 பவுண்டு. ஆனால் அந்த 128 பேர் பட்டியலில் தரவரிசையால் நேரே நுழைவது 104 பேர் மட்டுமே. எம்15 ஆடுகிற பிள்ளைக்கும் அந்த 104 பேருக்கும் நடுவில் கிடக்கிற தூரத்தைக் கடக்கச் சில வருடம் பிடிக்கும். அத்தனை வருடமும் ரயில், விமானம், லாட்ஜ், சாப்பாடு, நரம்பு மாற்றும் செலவு எல்லாம் வீட்டுப் பணம். ஜூனியர் பாயிண்ட் அப்படியே பெரியவர்கள் கணக்கில் ஏறுவதுமில்லை. வருடக் கடைசியில் உலகின் முதல் இருபது ஜூனியர்களுக்குள் இருக்கும் பையன்களுக்கு மேல்படியான சாலஞ்சர் போட்டிகளில் சில இடங்கள் ஒதுக்குகிறார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தங்கை ஒருநாள் கேட்டாள்: "அண்ணே, இவனுக்கு வயசு போயிருச்சா? காலேஜில சேத்துவிட்டு இதை நிப்பாட்டிரவா?"

அன்று ராத்திரி உட்கார்ந்து நம் நாட்டு ஜூனியர் சாம்பியன்களை ஒவ்வொருவராக எழுதிப் பார்த்தேன். தென்காசிக் குடும்பத்துப் பிள்ளை ராமநாதன் கிருஷ்ணன் 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார், பதினேழு வயதில். அதே விம்பிள்டனில் பெரியவர்கள் அரையிறுதிக்கு வந்தது 1960-ல், இருபத்துமூன்று வயதில். அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979-ல் விம்பிள்டன், பிரெஞ்சு இரண்டிலும் ஜூனியர் சாம்பியன். இருபது வயதிலேயே அமெரிக்க ஓப்பன் காலிறுதி ஆடியவர். ஆனாலும் வாழ்நாளின் சிறந்த தரவரிசையான 23-ஐ எட்டியது 1985 ஜனவரியில், அப்போது வயது இருபத்துமூன்று. பயஸ் 1990-ல் விம்பிள்டன் ஜூனியர் சாம்பியன். அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியது 1996-ல், இருபத்துமூன்றில். யூகி பாம்ப்ரி 2009-ல் ஆஸ்திரேலிய ஜூனியர் பட்டம் வென்றவர். முதல் நூறுக்குள் வந்தது 2015-ல், அதே இருபத்துமூன்றில். சென்னைப் பையன் ராம்குமார் ராமநாதன் 2018-ல் நியூபோர்ட் ஏடிபி போட்டியில் இறுதிவரை வந்தபோதும் அதே வயது. விம்பிள்டன் ஜூனியர் கோப்பையைக் கையில் வைத்திருந்தவர்களுக்கே ஐந்தாறு வருடம் பிடித்திருக்கிறது. கோப்பை வாங்காத பிள்ளைக்குப் பதினெட்டில் வயது போய்விட்டது என்று எப்படிச் சொல்ல முடியும்?

இங்கிருந்து சில மணி நேரத் தொலைவிலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. மதுரைப் பையன் தட்சிணேஸ்வர் சுரேஷ். அமெரிக்காவில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர். 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் அந்த நாட்டு அணிக்கு எதிரே டேவிஸ் கோப்பை ஆட்டம். தரவரிசையில் அறுநூறுக்கும் கீழே இருந்தவரைத் துணிந்து இறக்கினார்கள். தன் முதல் டேவிஸ் கோப்பை ஆட்டத்திலேயே, தரவரிசையில் தன்னைவிட எவ்வளவோ மேலே இருந்த ஜெரோம் கிம்மை 7-6, 6-3 என்று சாய்த்தார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது.

மறுநாள் நம் சுமித் நாகலுக்கு எதிரே சுவிட்சர்லாந்து இறக்கியது ஹென்றி பெர்னெட்டை. அந்த வருடம் ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பன் ஜூனியர் பட்டம் வென்ற பதினெட்டு வயதுப் பிள்ளை. நாகலுக்கு இருபத்தெட்டு. 6-1, 6-3 என்று நாகல் ஆட்டத்தை முடித்தார், இந்தியா 3-1 என்று ஜெயித்தது. ஐரோப்பிய அணியை அதன் மண்ணில் இந்தியா அதற்கு முன் கடைசியாக வென்றது 1993-ல், ரமேஷும் பயஸும் பிரான்சை வீழ்த்தியபோது. பெர்னெட்டின் ஆட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல பிள்ளை, வருவான். உலகத்தின் சிறந்த ஜூனியர்களில் ஒருவருக்கே இந்த நிலை என்பதை நம் பெற்றோர் பார்க்க வேண்டும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஜெனிஃபர் கேப்ரியாட்டி 1990-ல் பதின்மூன்று வயதில் தொழில்முறை ஆட்டத்தில் இறங்கி, பதினேழில் மனம் நொந்து விலகினார். அதற்குப் பிறகுதான் பதினெட்டு நிறையாத பெண்கள் வருடத்துக்கு இத்தனை போட்டிதான் ஆடலாம் என்று வயதுவாரியாக வரம்பு போட்டார்கள். கேப்ரியாட்டி திரும்பி வந்து கிராண்ட் ஸ்லாம் வென்றது 2001-ல், இருபத்துநான்கில். நம் சென்னை ஓப்பனிலேயே 2022-ல் செக் நாட்டு லிண்டா ஃப்ருவிர்தோவா பதினேழு வயதில் பட்டம் வாங்கினார். அடுத்த வருடம் முதல் ஐம்பதுக்குள் வந்தார், பிறகு நூறுக்கும் வெளியே இறங்கினார். 2025-ல் அதே சென்னைப் பட்டத்தை வாங்கிய இந்தோனேசியாவின் ஜேனிஸ் ஜென், அமெரிக்காவில் கல்லூரி டென்னிஸ் ஆடிப் படிப்பை முடித்துவிட்டு வந்தவர். அவருக்கு வயது இருபத்துமூன்று. கோயம்புத்தூர்ப் பெண் மாயா ராஜேஷ்வரன் 2025 பிப்ரவரியில் மும்பை டபிள்யூடிஏ 125 போட்டியில் பதினைந்து வயதில் அரையிறுதி வரை போனபோது எனக்கு ஆனந்தத்தில் தூக்கம் வரவில்லை. அந்தப் பிள்ளையிடம் அடுத்த வருடமே விம்பிள்டன் எங்கே என்று யாரும் கேட்காமல் இருக்க வேண்டும்.

எங்கள் மலையில் இதை விளக்கத் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஏலச்செடியில் ஒரே சரத்தில் ஒரு காய் முற்றியிருக்கும், பக்கத்துக் காய் பிஞ்சாகக் கிடக்கும். அதனால்தான் மாதம் ஒரு சுற்று, ஒன்றரை மாதத்துக்கு ஒரு சுற்று என்று திரும்பத் திரும்பக் காய் எடுக்க ஆள் போகிறார்கள். பிஞ்சைப் பறித்துக் காய் உலர்த்தும் ஸ்டோரில் போட்டால் சுருங்கிப்போகும், எடையும் நிற்காது, ஏலத்தில் விலையும் வராது. விளையாட்டில் மட்டும் நாம் ஒரே சுற்று எடுத்துவிட்டுக் கொல்லையை மூடிவிடுகிறோம்.

பதினெட்டு வயதுக்குட்பட்டோர் பிரிவு முடிந்த மறுநாளே எல்லாம் நின்றுபோவதை ஆசிரியராக நான் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். மட்டை கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியின் கடிதம் நின்றுவிடும். பயிற்சியாளர் அடுத்த பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பார்க்கப் போய்விடுவார். வீட்டில் நகை ஏற்கெனவே அடகில் இருக்கும். உடம்பு அப்போதுதான் தேறத் தொடங்கும். அந்த நேரத்தில்தான் கையை விடுகிறோம்.

தங்கையிடம் காலேஜில் சேர்த்துவிடு என்றேன், டென்னிஸை நிறுத்தாதே என்றும் சொன்னேன். விளையாட்டு உதவித்தொகை தரும் கல்லூரி நம் ஊரிலும் உண்டு, வெளிநாட்டிலும் உண்டு. நாலு வருடம் படிப்பும் ஆட்டமும் சேர்ந்து நடக்கட்டும், இருபத்துமூன்றில் உட்கார்ந்து முடிவு செய்வோம் என்று பேசி முடித்தோம். மருமகன் விடிகாலையில் கொட்டகுடி ஆற்றுப் பக்கம் ஓடுகிறான், சாயங்காலம் ஆடுகிறான்.

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற பெரியவர்களிடமும் அரசாங்கத்திடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கோப்பையும் மேடையும் போடுகிறீர்கள், நல்ல காரியம். அந்தப் பணத்தில் ஒரு பங்கைப் பதினெட்டிலிருந்து இருபத்துநான்கு வரை உள்ள பிள்ளைகளின் ரயில் டிக்கெட்டுக்கும் லாட்ஜ் வாடகைக்கும் ஒதுக்குங்கள். வருடத்துக்கு ஒரு பிள்ளை போதும்.