ரீஸ்டார்ட் சார்

எந்த ஆபீஸிலும் ஒரு ரீஸ்டார்ட் சார் இருப்பார். சர்வர் அறைச் சாவி அவர் இடுப்பில். மெயில் வரவில்லையா, பேரோல் இழுக்கிறதா, புகாரை முழுசாகச் சொல்லி முடிக்கும் முன்பே மருந்து வந்துவிடும்: “ஒரு ரீஸ்டார்ட் குடுத்துடலாம்.”

கைராசிக்காரர்தான். பெரும்பாலும் பலிக்கும். ஏன் பலித்தது என்று கேட்கும் பழக்கம் மட்டும் அவருக்கு இல்லை.

2008-இல் வந்த எல்எக்ஸ்சி, ஒரே கணினிக்குள் பல லினக்ஸுகளை ஒண்டுக்குடித்தனம் வைக்க வழி செய்தது. விர்ச்சுவல் மெஷினில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கெர்னல். எல்எக்ஸ்சி தரும் கன்டெய்னரில் எல்லாரும் புழங்குவது வீட்டுக்காரரான ஹோஸ்டின் கெர்னலைத்தான். அதனால் சில விநாடிகளில் ஏறிவிடும். சாருக்கு இதில் சின்ன வருத்தம். பழைய சர்வர் ஏறுவதற்குள் டீக்கடைக்குப் போய் வரலாம்.

கன்டெய்னர் சும்மா ஓடிக்கொண்டிருந்தால் அதன் வண்டவாளம் வெளியே வராது. ஹோஸ்டில் ஏதோ ஒரு ஃபோல்டரை வேண்டாததென்று யாரோ அழித்திருப்பார். கன்டெய்னரின் மவுன்ட் பட்டியலில் அது இன்னும் இருக்கும். மாதக்கணக்கில் ஒரு சத்தமும் இருக்காது. நிறுத்தி ஏற்றும்போது தேடும், கிடைக்காது, ஏறாது. பேக்கப் நடுவே கரன்ட் போனாலும் அப்படித்தான். போட்ட பூட்டு போட்டபடியே நிற்கும். ‘பிசிடி அன்லாக்’ என்று ஒரு வரி அடித்தால் தீர்ந்தது. சார் அதை அடிக்கமாட்டார். ஸ்டார்ட் பட்டனையே திரும்பத் திரும்ப அழுத்துவார், லிஃப்ட் வராதபோது அழுத்துகிறாரே, அதே விரலால். கேட்டால், “நான் ஒண்ணுமே பண்ணலையே, ரீஸ்டார்ட்தானே பண்ணேன்!”

2021 ஜூலையில், இந்தக் கன்டெய்னர்களை ஓட்டி மேய்க்கும் பிராக்ஸ்மாக்ஸின் 7-ஆம் பதிப்பு வந்தது. சார் ஹோஸ்டை அப்கிரேடு செய்தார். எல்லாக் கன்டெய்னரும் ஏறின. பேரோல் இருந்த பழைய சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸ் கன்டெய்னரில் மட்டும் பேச்சுமூச்சில்லை. மாதக் கடைசி வேறு.

“பேரோல் அப் ஆகலை சார்,” என்றாள் ஆபீஸில் ஒரு பெண்.

“பச்சை காட்டுதேம்மா.”

“பச்சைதான் சார். கன்ஸோல்ல ஒரு எழுத்துகூட வரலை. பிங்கும் போகலை.”

“அப்ப இன்னொரு ரீஸ்டார்ட்...”

அந்தப் பெண் டாஸ்க் லாகைத் திறந்தாள். எச்சரிக்கை என்று போட்டு, பட்டவர்த்தனமாக எழுதியிருந்தது: உள்ளே இருக்கும் சிஸ்டம்டி பழசு, சிகுரூப் வி2 மட்டும் உள்ள இடத்தில் இந்தக் கன்டெய்னர் ஓடாது. சார் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் அழுத்தியபோதும் அது இதையேதான் சொல்லியிருக்கிறது, பாவம். எந்தக் கன்டெய்னருக்கு எவ்வளவு மெமரி, எவ்வளவு சிபியு என்று அளந்து கொடுக்கும் கெர்னல் ஏற்பாடுதான் சிகுரூப். பிராக்ஸ்மாக்ஸ் 7 அதன் இரண்டாம் பதிப்பை மட்டும் இயல்பாக வைத்துக்கொண்டது. கன்டெய்னருக்குள் மற்றதையெல்லாம் கிளப்பிவிடும் முதல் புரோகிராம் சிஸ்டம்டி. சென்ட்ஓஎஸ் 7-இல் இருப்பதோ அதன் 219-ஆம் பதிப்பு. புதிய ஏற்பாட்டோடு ஒத்துப்போக அதைவிட ஒரு டஜன் பதிப்பாவது புதிதாக இருக்க வேண்டும். வெளியே ஓடும் கன்டெய்னராகத் தெரிந்தாலும், உள்ளே சிஸ்டம்டி முதல் படியிலேயே நின்றுவிட்டது.

ஹோஸ்டின் பூட் வரியில் பழைய சிகுரூப்புக்குத் திரும்பச் சொல்லி ஒரு சொல் சேர்த்தால் போதும் என்றாள். “அதுக்கு ஹோஸ்டையே ஒருதடவை ரீஸ்டார்ட் பண்ணணும் சார்.”

சாரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! தானே போய் பட்டனை அழுத்தினார். சம்பளம் ஏறியது.

சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஓடு முடிந்தது. 2025-இல் வந்த பிராக்ஸ்மாக்ஸ் 9, பழைய சிகுரூப்பை அடியோடு எடுத்துவிட்டது. அந்த பூட் வரி இனி செல்லாது. பேரோலைப் புதிய லினக்ஸுக்கு மாற்றியே ஆக வேண்டும் என்று அந்தப் பெண் இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முழுவதையும் படித்தார்.

“அப்ப 9-க்குப் போகவே வேணாம்மா.”