ஆச்சியின் தணிக்கைக் குழு

2021-இல் மத்திய அரசு இணையத் தொடர்களுக்கு வயது முத்திரையைக் கட்டாயமாக்கியது: யு, 7+, 13+, 16+, ஏ. 13+ தொடங்கி மேலே போனால் பெற்றோர் பூட்டும் வேண்டும். சேரன்மகாதேவியில் அந்தப் பூட்டை அப்பாவுக்குப் போட்டுக் கொடுப்பதே எட்டாம் வகுப்பு மகன்தான்.

'தி பாய்ஸ்' தொடரில் பறக்கிற வீரர்களே கொலையும் செய்கிறார்கள். ஏ முத்திரை நியாயம்தான். "இந்த எழவையெல்லாம் பிள்ளைய பாக்க விடலாமா?" என்கிற ஆச்சி யார்? கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு மேடைக்கு முன்னால் பாய் விரித்துப் பேரனை உட்கார வைத்தவள். அங்கே கதாநாயகர் சுடலைமாடன். விளக்குச் சுடரில் பிறந்து, பாலகனாகவே சுடுகாட்டுப் பிணம் தின்று, கயிலாயத்தைவிட்டு அனுப்பப்பட்டவர். போதாததற்கு நள்ளிரவில் கணியான் கூத்துக் கலைஞர் கையைக் கீறிச் சாமிக்கு ரத்தம் கொடுப்பார். இதற்கு எத்தனை பிளஸ்?

"அது சாமி கதைல. கேட்டா பயம் போகும்." மேல்முறையீடு கிடையாது.

1997-இல் தூர்தர்ஷனில் 'சக்திமான்' வந்தபோதும் இதே வழக்குதான். காப்பாற்ற வருவார் என்று நம்பிப் பிள்ளைகள் விபரீதத்தில் இறங்குவதாகச் செய்திகள் வர, நாயகன் முகேஷ் கன்னாவே திரையில் புத்தி சொல்ல வேண்டியதாயிற்று. சுடலைக்கு அந்த வேலை வரவில்லை.

ஊரின் கன்னடியன் கால்வாயில் தலைகீழாகக் குதிக்கிற பையன்கள் மட்டும் எந்தத் தொடரையும் பார்த்துக் கெட்டவர்கள் இல்லை. அவர்களுடைய அப்பாமாரும் அங்கேதான் குதித்தார்கள்.