ஆறு லிவர் கேக்குதாம் பேராண்டிக்கு!

வாடா பேராண்டி. வீட்டுக்குள்ளயே கம்ப்யூட்டர்ல ஏரோப்ளேன் ஓட்டப் போறியாமே? பேஷ். பெட்ரோல் செலவில்ல, டிக்கெட் செலவில்ல. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற லிவர் ஒண்ணை மட்டும் ஒங்கப்பன் கடனோட கடனா வாங்கித் தந்துட்டாப் போதுமாக்கும்.

ஹனிகோம்ப் பிராவோங்கிற லிவர் பெட்டிதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறியாமே. வாங்கு ராசா. ஆறு லிவர், ட்ரிம் சக்கரம், டயர மடக்குற பிடி, எல்லாம் இருக்கு. ஆனா ஓட்டப் போறது எதை? மாடு எதுன்னு பாக்காம மூக்கணாங்கயிறு வாங்கப் போனவன் கணக்கால்ல இருக்கு.

செஸ்னா 172ங்கிறியா? அதுக்கு எஞ்சினே ஒண்ணுதான். லிவரும் கெடையாது, முன்பலகையில கறுப்புக் குமிழ் ஒண்ணு, உள்ள தள்ளுனா வேகம், வெளிய இழுத்தா தணியும். பக்கத்துல செவப்புக் குமிழ், பெட்ரோலும் காத்தும் கலக்குற அளவுக்கு. அதை முழுசா இழுத்தியோ, எஞ்சின் மூச்சை விட்டுடும். ஆறுல ரெண்டு போக, மிச்ச நாலுல ஒங்காத்தா துணி காயப்போடட்டும். ரெட்டை பிஸ்டன் எஞ்சினா இருந்தா, எஞ்சினுக்கு த்ராட்டில், ப்ரொப்பெல்லர், மிக்சர்னு மூணு. ஆறுக்கும் வேலை இருக்கும்.

ஏர்பஸ் 320ஆ? அப்ப த்ரஸ்ட்மாஸ்டர் டிசிஏ மாதிரி, லிவர் டக்குனு விழுந்து நிக்கிற பள்ளம் வச்சதாப் பாரு. மேல ஏறையில கிளைம்ப் பள்ளத்துல விட்டுட்டா ஆட்டோ த்ரஸ்ட் பாத்துக்கும். லிவரும் அசையாது, நீயும் அசைய வேண்டாம். ஒனக்குன்னே செஞ்ச வேலை. எறங்குறப்போ 20 அடியில பிளேனே "ரிடார்ட், ரிடார்ட்"னு கத்தும். லிவரைப் பின்னால இழுக்கச் சொல்லுது, ஒன்னைத் திட்டுதுன்னு கோவிச்சுக்காத.

போயிங் 737ல ஆட்டோ த்ராட்டில் லிவரைத் தானே நகத்தும். ஒன் மேசையில இருக்கிறதுல மோட்டார் இருக்காது. திரையில லிவர் ஒரு எடம், ஒன் கையில வேற எடம். ரெண்டையும் ஒத்தாப்ல வைக்காம ஆட்டோவை அணைச்சியோ, எஞ்சின் ஒரே தாவு தாவும்.

கடைக்காரன் பளபளப்பைக் காட்டுவான்; நீ உள்ள இருக்கிற சென்சாரைக் கேளு. பொட்டன்ஷியோமீட்டர்னா ஒரசி ஒரசித் தேயும், தூசி ஏறுனா நீ தொடாமலே எஞ்சின் துள்ளும். ஹால் சென்சார்னா காந்தம், ஒரசலே கெடையாது. மேசையைக் கவ்வுற கிளாம்ப்பும் உறுதியா இருக்கணும். இல்லாட்டி முழு வேகத்துக்குத் தள்ளையில லிவரோட பெட்டியும் பறக்கும்.

அதுக்கு முன்னாடி, இப்ப வச்சிருக்கிற ஜாய்ஸ்டிக்கு அடியில சின்னதா ஒரு ஸ்லைடர் இருக்குல்ல? அதை வச்சு ஒரு வாட்டி நேரா எறக்கிக் காட்டு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீ லிவர் சரியில்லங்கிற. எறக்கிட்டியோ, ஒங்கப்பன்கிட்ட நானே பேசுறேன்.

என்னடா முழிக்கிற, கெழவனுக்கு இவ்வளவும் எப்படித் தெரியும்னா? நீ தூங்குனப்புறம் அந்த மேசை சும்மாவா கெடக்குன்னு நெனச்ச? வாங்குறதுதான் வாங்குற, ஹால் சென்சாராவே வாங்கு. எனக்கு அதான் தோது.