சமாதானமும் சீலிங் ஃபேனும்

“இந்த வருஷமாவது அட்வெந்து காலத்துக்கு அமைதியா ஆயத்தப்படுவோம்” என்று நவம்பர் நடுவில் ஐயர் அறிவித்தார். (எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வது.) எப்படி அமைதியாக இருப்பது என்று முடிவு செய்யக் கூடிய கமிட்டி, ராத்திரி பதினொன்றரைக்குக் கலைந்தது. கடைசித் தெருவில் இருந்தவர்கள்கூடத் தூக்கம் கெட்டு எழுந்து வந்து விசாரித்தார்கள்.

சண்டைக்குக் காரணங்கள் பழையவைதான். கேரல் ரவுண்ட்ஸ் கீழத்தெருவில் தொடங்குவதா, மேலத்தெருவிலா? போன வருஷம் பீடத்துக்கு எடுத்த ஊதாத் துணி உண்மையில் ஊதாவா, கத்தரிக்காய்க் கலரா? அப்புறம் வெள்ளையடிப்பு. அந்திரேயா திருநாளான நவம்பர் 30-ஐ ஒட்டி வரும் ஞாயிறுதான், கிறிஸ்மஸுக்கு ஆயத்தமாகும் அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு. நவம்பர் 27-க்கு முந்தாது, டிசம்பர் 3-ஐத் தாண்டாது. நம்ம ஊரில் அடைமழைக்கும் அதுதான் சீசன். கோயிலுக்கு நாங்கள் சுண்ணாம்பு அடிப்பதும், மறுநாள் மழை அதைக் கழுவி வாசலில் பால் மாதிரி ஓடவிடுவதும் வழிபாட்டு முறைமையில் அச்சாகாத ஒரு சடங்கு.

இத்தனை நேரமும் நான் வாயே திறக்கவில்லை. அதுதான் தப்பாகிப் போனது. “அண்ணாச்சிதான் சும்மா இருக்காவ” என்று மெழுகுவர்த்தி வளையம் செய்கிற பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

இந்த வளையம் பிறந்ததே நச்சரிப்பு தாங்காமல்தான். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்துக்குப் பக்கத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்திய விஹெர்ன் என்ற போதகரை, “கிறிஸ்மஸ் எப்ப? கிறிஸ்மஸ் எப்ப?” என்று பிள்ளைகள் தினமும் துளைத்தார்களாம். 1839-இல் அவர் ஒரு வண்டிச் சக்கரத்தை எடுத்து, அதில் 20 சின்னச் சிவப்பு மெழுகுவர்த்தியும் ஞாயிற்றுக்கிழமைகளுக்கென்று 4 பெரிய வெள்ளை மெழுகுவர்த்தியும் நட்டு, நாளுக்கு ஒன்றாக ஏற்றச் சொன்னார். நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள், என்னை விடுங்கள் என்று அர்த்தம்.

எனக்கு வண்டிச் சக்கரம் கிடைக்கவில்லை. கோயில்பிள்ளை தன் பழைய சைக்கிள் ரிம்மைக் கொடுத்தார். அதில் சவுக்குக் கிளையைச் சுற்றினேன். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கு ஒன்றாக நான்கு போதும்; மூன்று ஊதா, ஒரு ரோஸ் மெழுகுவர்த்தி வேண்டும் என்று கடையில் கேட்டபோது கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “வெள்ளைதான் இருக்கு. கரண்டு போன நேரத்துல கலரா பாப்பாவ?”

அட்வெந்து முதல் ஞாயிற்றின் மெழுகுவர்த்தி நம்பிக்கை. ஏற்றினோம். முதல் பாட்டின் இரண்டாம் சரணத்தில் அணைந்தது. மறுபடி ஏற்றினோம், பாடம் வாசிக்கையில் அணைந்தது. தலைக்கு நேர் மேலே சீலிங் ஃபேன். ஆஃப் செய்யலாம் என்று எழுந்தேன். முன்வரிசையிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கையை நீட்டினார்.

“அது எங்க அப்பா ஞாபகமா கொடுத்த ஃபேன். எனக்கு வேர்க்கும்.”

மழை நாளில் யாருக்கு வேர்க்கும்? ஆனால் அவரிடம் நான் ஐந்தாம் வகுப்பு படித்தவன். உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க சபை இரண்டாகப் பிரிந்தது: ஃபேன் கட்சி, மெழுகுவர்த்தி கட்சி. கத்தரிக்காய்க் கலர்க் கோஷ்டி ஃபேனோடு சேர்ந்துகொண்டது. ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கண்ணாடிச் சிம்னி வைக்கலாம் என்று ஐயரம்மா சொன்ன நல்ல யோசனையை இரண்டு கட்சியும் ஒற்றுமையாக நிராகரித்தன.

இரண்டாம் ஞாயிறு சமாதானம். எல்லார் கண்ணும் பீடத்தில் இல்லை, ஃபேனில். ஐயர் தீக்குச்சி உரசினார். மூன்றாவது குச்சியில் திரி பற்றியதும் பொட்டென்று கரண்டு போனது. கீபோர்டு பாதிச் சுரத்தில் நின்றது. மைக் செத்தது. ஐயர் சொந்தக் குரலில் பேச, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. சுடர் நிமிர்ந்து நின்றது. வெளியே மழை மட்டும்.

ஃபேன் மெல்ல மெல்லச் சுற்றி ஓய்ந்தது. அப்போதுதான் இறக்கையில் எழுதியிருந்ததைப் பார்த்தோம். சிவப்புப் பெயிண்டில், கோணல்மாணலாக, ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு வருஷம். ஓடுகிறபோது யாருக்கும் தெரியாத பெயர். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிரசங்கம் முடிகிற வரைக்கும் தலையை இறக்கவே இல்லை.

மூன்றாம் ஞாயிறு நான் போனபோது அந்த ஃபேன் சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. யாரும் போடக்கூடாது என்பது சார் உத்தரவு.

ரோஸுக்குப் பதில் வைத்த வெள்ளை மெழுகுவர்த்தியை இப்போது பக்கத்து ஃபேன் அணைக்கிறது. அது மேலத்தெருக்காரர் ஒருவருடைய மாமனார் கொடுத்தது.